நாடற்றவர் ஏறிய ஏணி

வார்சாவில் பிறந்த அகதிச் சிறுவன் ஒருவர் அமெரிக்கப் படையின் உச்சிப் பதவிக்குப் போனார். அந்தப் பெருமையில் யார் யாருக்குப் பங்கு?

அமெரிக்க அரசியல் சட்டம் அதிபர் பதவிக்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. அந்த நாற்காலியில் உட்காருபவர் பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். வேறு நாட்டில் பிறந்து பிற்பாடு குடியுரிமை வாங்கியவர் மாநில ஆளுநராகலாம், செனட்டராகலாம், வெளியுறவு அமைச்சராகக்கூட ஆகலாம். வெள்ளை மாளிகைக்கு மட்டும் குடிபோக முடியாது. சட்டம் எழுதப்பட்ட 1787ஆம் ஆண்டிலேயே, படைத் தலைமை அந்நிய மண்ணில் பிறந்தவர் கைக்குப் போய்விடக் கூடாது என்று அன்றைய அரசியல் தலைவர் ஜான் ஜே, ஜார்ஜ் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார். அச்சம் படையைப் பற்றியதாகவே இருந்தது. சரியாக 206 ஆண்டுகள் கழித்து, 1993 அக்டோபரில், அதே நாட்டின் மிக உயர்ந்த ராணுவப் பதவியான கூட்டுப் படைத்தலைவர்கள் குழுவின் தலைமைக்கு வந்தவர் ஜான் ஷாலிகாஷ்விலி. பிறந்தது போலந்தில். தந்தை ஜார்ஜியர். தாய் ரஷ்யப் பேரரசுக் காலத்துப் பிரபுக் குடும்பத்தவர். 21 வயது வரை அவருக்கு எந்த நாட்டின் குடியுரிமையும் கிடையாது. அந்தப் பதவிக்கு வந்தவர்களில் வெளிநாட்டில் பிறந்த முதல் ஆள் அவர். கட்டாயப் படைச்சேர்க்கையில் சாதாரணச் சிப்பாயாக உள்ளே வந்து அந்த இடத்தைத் தொட்ட முதல் ஆளும் அவரே.

இந்த வாழ்க்கை பொதுவாக ஒரு தனிமனிதரின் வெற்றிக் கதையாகவே சொல்லப்படுகிறது. இங்கிலீஷ் தெரியாமல் வந்த பையன் ஜான் வெய்ன் நடித்த படங்களைப் பார்த்தே மொழியைக் கற்றுக்கொண்டான் என்பது வரை அந்தக் கதைக்குக் கைகால் முளைத்திருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிச் சொல்லும்போது முக்கியமான ஒன்று கண்ணில் படாமல் போகிறது. திறமையும் உழைப்பும் உள்ள அகதிகள் எந்தக் காலத்திலும் எந்த முகாமிலும் இருந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஜெனரல் ஆவதில்லை. ஷாலிகாஷ்விலி ஆனதற்குக் காரணம், அவர் போய்ச் சேர்ந்த நேரத்தில் அந்தப் படையில் ஓர் ஏணி இருந்தது. அதன் படிகளில் யார் மகன் என்று எழுதியிருக்கவில்லை. அவருடைய பணிக்காலத்தைக் கூர்ந்து பார்த்தால், பாராட்டின் பெரும் பங்கு அந்த ஏணியைக் கட்டியவர்களுக்கே போகும். அந்த ஏணியின் குறைகளையும் சேர்த்துத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வார்சாவிலிருந்து பியோரியாவுக்கு

1936 ஜூன் 27 அன்று வார்சாவில் பிறந்தார். தந்தை திமித்ரி, ரஷ்யப் பேரரசின் படையிலும் பின்னர் குறுகிய காலமே நீடித்த சுதந்திர ஜார்ஜியாவின் படையிலும் இருந்தவர். 1921இல் ஜார்ஜியாவை சோவியத் படை கைப்பற்றியதும் நாடிழந்து, போலந்துப் படையில் ஒப்பந்த அதிகாரியாகச் சேர்ந்தார். மகன் மூன்று வயதைத் தாண்டியபோது ஜெர்மனி போலந்தின் மேல் பாய்ந்தது. எட்டு வயதில் ஜெர்மானியருக்கு எதிரான வார்சா எழுச்சியையும் நகரம் தரைமட்டமானதையும் அந்தச் சிறுவன் பார்த்தார். குடும்பம் தப்பித்து ஜெர்மனியின் பவேரியாவில் உள்ள பாப்பன்ஹைம் என்ற சிற்றூரில் தஞ்சமடைந்தது; எட்டு ஆண்டுகள் அங்கேயே. 1952இல் தூரத்து உறவினர் ஒருவரும் எபிஸ்கோப்பல் திருச்சபையும் பொறுப்பேற்க, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள பியோரியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். சராசரி அமெரிக்கா எப்படி இருக்கும் என்று கேட்டால் அமெரிக்கர்களே கைகாட்டும் ஊர் அது. 16 வயதுப் பையன் அங்கே உயர்நிலைப் பள்ளி முடித்து, அதே ஊரின் பிராட்லி பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தார். 1958 மே மாதம் குடியுரிமை கிடைத்தது. வாழ்க்கையில் முதன்முதலாகச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு நாடு. இரண்டே மாதத்தில் அந்த நாடு அவரைக் கூப்பிட்டது. படைச்சேர்க்கை ஆணை வந்தது.

இங்கே தன் விருப்பம் என்று சொல்ல எதுவும் இல்லை. அவர் நாட்டுப்பற்று பொங்கிப் படைமுகாமின் கதவைத் தட்டவில்லை. சட்டம் வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டியது. அன்றைய கட்டாயப் படைச்சேர்க்கை பல வகையில் அநீதியானது என்பதை வியட்நாம் போர்க் காலம் அம்பலமாக்கியது உண்மை. வசதியுள்ளவர்கள் படிப்பைக் காட்டித் தப்பித்தார்கள், ஏழைகள் போனார்கள். ஆனாலும் அதற்கு ஒரு குணம் இருந்தது. நேற்று வந்த குடிமகனையும் ஏழு தலைமுறைக் குடிமகனையும் ஒரே படுக்கை வரிசையில் கொண்டுபோய்ப் போட்டது. அந்த வாழ்க்கை இவருக்குப் பிடித்துப்போனது. அதிகாரிப் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிக்குள் நுழைய நாடாளுமன்ற உறுப்பினர் போன்ற ஒருவரின் பரிந்துரை வேண்டும். வந்து ஆறே வருடமான குடும்பத்துக்கு அது எட்டாக் கனி. அதிகாரிப் பயிற்சிப் பள்ளிக்கோ சிப்பாயின் தகுதியும் தேர்வும் போதும். 1959இல் பீரங்கிப் படையில் செகண்ட் லெப்டினன்ட் ஆனார். அவருடைய அண்ணன் ஓத்தாரும் இதே படையில் சேர்ந்து சிறப்புப் படைப் பிரிவில் கர்னல் வரை போனார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே வீட்டிலிருந்து இருவர் ஏறியிருக்கிறார்கள் என்றால், குருட்டு அதிர்ஷ்டம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது.

யாரும் அறியாத வாரியங்கள்

நடுவில் உள்ள இருபத்தைந்து ஆண்டுகளைப் பத்திரிகைகள் ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடும். கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அலாஸ்காவில் பிளாட்டூன் தலைவர். 1968 முதல் 1969 வரை வியட்நாமின் குவாங் ட்ரி மாகாணத்தில், திரியூ ஃபோங் மாவட்டத்தின் மூத்த ஆலோசகர். அங்கே காட்டிய வீரத்துக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கம். பிறகு கடற்படைப் போர்க் கல்லூரி, ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சர்வதேச விவகாரங்களில் முதுகலை. 1975இல் ஃபோர்ட் லூயிஸ் முகாமில் ஒரு பீரங்கி பட்டாலியன். 1979இல் ஜெர்மனியில் ஒரு கவச டிவிஷனின் பீரங்கிப் பிரிவு. 1987இல் 9ஆவது காலாட்படை டிவிஷனின் தளபதி. எதுவும் ஒரே தாவலில் வரவில்லை. 1947இல் வந்த அதிகாரிகள் சட்டம் அமெரிக்கப் படையில் ஒரு கறாரான முறையைக் கொண்டுவந்திருந்தது: குறிப்பிட்ட காலத்துக்குள் மேலே போ, இல்லையென்றால் வெளியே போ. பதவி உயர்வை முடிவு செய்தது உடனடி மேலதிகாரியின் தயவு அல்ல; தேர்வு வாரியம் கோப்புகளைப் பரப்பி வைத்து ஒப்பிட்டுப் பார்த்தது. கோப்பில் உச்சரிப்பு கேட்காது. மதிப்பீட்டு அறிக்கை எழுதும் அதிகாரியின் மனச்சாய்வு அதற்குள் புகுந்துவிடும் என்பது மெய்தான். ஆனால் இருபது வருடத்தில் பல ஊர்களில், பலர் எழுதிய அறிக்கைகள் சேரும்போது ஒரே ஒருவரின் வெறுப்போ விருப்போ எடுபடாமல் போகும். அந்நியர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

முந்தைய காலங்களோடு ஒப்பிட்டால் இந்த ஏற்பாட்டின் அருமை புரியும். அமெரிக்கப் படைக்குக் குடியேறிகள் புதியவர்கள் அல்லர். விடுதலைப் போரில் பிரஷ்யாவிலிருந்து வந்த ஃபான் ஸ்டாய்பன், 1778இல் வேலி ஃபோர்ஜ் முகாமில் பசியோடு இருந்த படைக்குப் பயிற்சி கொடுத்து அதை உருப்படியாக்கினார். சொந்த ஊரில் கேப்டனாக இருந்தவர் லெப்டினன்ட் ஜெனரல் என்ற பட்டத்தோடு அறிமுகப்படுத்தப்பட்டார். அதைச் சரிபார்க்க யாருக்கும் வழியில்லை. நல்லவேளையாக ஆள் திறமைசாலி. உள்நாட்டுப் போரில் அந்த நல்லவேளை அமையவில்லை. ஜெர்மன் குடியேறிகளைப் படைக்கு ஈர்க்க வேண்டும் என்பதற்காக 1861இல் ஃப்ரான்ஸ் சீகலுக்கு ஜெனரல் பதவி தரப்பட்டது. ஆட்கள் திரண்டார்கள், ஆனால் 1864 மே மாதம் நியூ மார்க்கெட் போர்க்களத்தில் அவர் தோற்றுத் திரும்பினார். ஸ்டாய்பன் தேவையின் பெயரால் உச்சியில் அமர்த்தப்பட்டவர், சீகல் ஓட்டுக் கணக்கின் பெயரால் அமர்த்தப்பட்டவர். இருவரையும் அளந்து பார்க்க எந்தக் கருவியும் அன்று இல்லை. குடியேறியவருக்குச் சலுகையாகக் கொடுக்கும் பதவி அவருக்கும் ஆபத்து, அவர் கீழ் இருக்கும் சிப்பாய்களுக்கும் ஆபத்து. ஷாலிகாஷ்விலிக்குச் சலுகை எதுவும் தரப்படவில்லை. முதல் படியில் நிற்க விட்டார்கள். மீதியை அளந்து கொடுத்தார்கள்.

தந்தையின் காகிதங்கள்

இந்த வாதத்துக்கு வரும் மிகக் கடுமையான மறுப்பு 1993இல் நிஜமாகவே எழுந்தது. அதிபர் கிளிண்டன் அவர் பெயரை ஆகஸ்டில் அறிவித்த சில வாரங்களுக்குள், யூத மனித உரிமை அமைப்பான சைமன் வீசன்தால் மையம் ஒரு தகவலை வெளியிட்டது. 1939இல் போலந்துக்காக ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்டுச் சிறைப்பட்ட அதே திமித்ரி, பின்னர் ஜெர்மனி அமைத்த ஜார்ஜியப் படைப் பிரிவில் சேர்ந்து, போரின் முடிவில் நாஜிகளின் வாஃபன் எஸ்.எஸ். அணியில் இருந்தார். ஆதாரம், ஸ்டான்ஃபோர்டின் ஹூவர் நிறுவனத்தில் திமித்ரியே விட்டுச்சென்ற எழுத்துகள். சோவியத் பிடியிலிருந்து ஜார்ஜியாவை மீட்க ஜெர்மனி உதவும் என்று நம்பிய பலரில் அவரும் ஒருவர் என்று விளக்கலாம், எஸ்.எஸ். என்ற இரண்டு எழுத்துகளின் கறையை அந்த விளக்கம் துடைத்துவிடாது. இப்படிப்பட்டவரின் மகனை உலகின் மிக வலிமையான படையின் உச்சியில் வைக்கலாமா என்ற கேள்வி நியாயமானதே. தந்தையின் அந்தத் தொடர்பு தனக்குத் தெரியாது என்று மகன் சொன்னார். போர் முடிந்தபோது அவருக்கு ஒன்பது வயது நிரம்பவில்லை. செனட் விசாரித்தது, அக்டோபர் தொடக்கத்தில் ஒப்புதல் தந்தது.

செனட் பெருந்தன்மையால் அப்படிச் செய்தது என்று நினைத்தால் தவறு. 34 வருடக் கோப்பு அதன் மேசையில் இருந்தது. தந்தையைப் பற்றி ஒரு பெட்டி காகிதம் இருந்தால், மகனைப் பற்றிப் பல பெட்டிகள் இருந்தன. ஆவணமில்லாத அந்நியரை மட்டுமே பரம்பரையை வைத்துச் சந்தேகிக்க வேண்டிய கட்டாயம் ஒரு நாட்டுக்கு வருகிறது. இதன் மறுபக்கத்தையும் அமெரிக்க வரலாறே காட்டியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்க மண்ணில் பிறந்த குடிமக்கள். பிறப்பே விசுவாசத்துக்கு அத்தாட்சி என்று சொன்ன நாடு, வேண்டாதபோது அந்த அத்தாட்சியையும் கிழித்துப் போட்டது. ஆக, பிறந்த இடம் எந்தப் பக்கமும் நம்பகமான அளவுகோல் அல்ல.

இன்னொரு மறுப்பும் உண்டு, அது இன்னும் சங்கடமானது. இவர் சாதாரண அகதியா? படை அதிகாரியின் மகன், பிரபு வம்சத்துத் தாய், பல மொழி புழங்கிய வீடு, எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளைத் தோல். கறுப்பினச் சிப்பாய்களைத் தனியே பிரித்து வைக்கும் வழக்கத்தை முடிக்க ட்ரூமன் ஆணை பிறப்பித்ததே 1948இல்தான். அதற்குமுன் பல தலைமுறையாக அதே மண்ணில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு இந்த ஏணியின் அடிப்படிகூட முழுதாகத் திறந்திருக்கவில்லை. இதை மறுக்க முடியாது, மறுக்கவும் தேவையில்லை. வீட்டுச் சூழல் அவருக்கு உதவியிருக்கும். ஆனால் அது ஒரு பட்டையைக்கூடத் தோளில் ஏற்றவில்லை. அவருக்கு முன்னால் அந்தப் பதவியில் இருந்தவரைப் பார்த்தால் விடை இன்னும் தெளிவாகும். காலின் பாவல், ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். நியூயார்க் சிட்டி கல்லூரியில் மாணவர் படைப் பயிற்சி வழியாக வந்தவர். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். அடுத்தடுத்து வந்த இருவருமே வெஸ்ட் பாயின்ட் வாசலை மிதிக்காதவர்கள். தோலின் தடை ஆணையால் உடைந்த பிறகு, அதே படிகள் பாவலையும் ஏற்றின. ஏணி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை என்பது அதை அகலப்படுத்தச் சொல்லும் காரணமே. பிடுங்கி எறியச் சொல்லும் காரணம் அல்ல.

அகதிக்குத் தெரிந்தது

அப்படியானால் குடியேறியவர் என்ற பின்னணிக்கு எந்த மதிப்பும் இல்லையா? இருக்கிறது, அளவோடு. 1991 வளைகுடாப் போருக்குப் பின் சதாம் உசேன் குர்து மக்களின் எழுச்சியை நசுக்கினார். பல லட்சம் பேர் துருக்கி எல்லை மலைகளுக்கு ஓடினார்கள். குளிரிலும் நோயிலும் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தன. பன்னாட்டு நிவாரணப் படையின் தலைமை லெப்டினன்ட் ஜெனரல் ஷாலிகாஷ்விலியிடம் வந்தது. வானிலிருந்து பொட்டலம் போடுவதோடு நிறுத்திக்கொள்வது ஒரு வழி. மலையிலேயே முகாம் கட்டுவது இன்னொரு வழி. முகாம் கட்டினால் அது ஆண்டுக்கணக்கில் நீளும், துருக்கியும் விரும்பாது. மக்களை வீட்டுக்கே திருப்பி அனுப்புவது என்று முடிவானது. அதற்கு வடக்கு ஈராக்கில் ஸாகோ சுற்றுவட்டாரத்திலிருந்து ஈராக் படையைப் பின்வாங்கச் செய்ய வேண்டும். துருக்கியோடு பேச வேண்டும். 13 நாட்டுப் படைகளையும் தொண்டு நிறுவனங்களையும் ஒரே திசையில் இழுக்க வேண்டும். சில மாதங்களில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மலையிலிருந்து இறங்கி வீடு திரும்பினார்கள். முகாம் என்பது தற்காலிகம் என்ற பெயரில் நிரந்தரமாகிவிடும் என்பதைப் புத்தகத்தில் படித்தும் தெரிந்துகொள்ளலாம். பாப்பன்ஹைமில் எட்டு ஆண்டு காத்திருந்தவருக்குப் புத்தகம் தேவைப்பட்டிருக்காது.

அடுத்து, சோவியத் உடைந்தபின் கிழக்கு ஐரோப்பாவை என்ன செய்வது என்ற கேள்வி. நேட்டோவின் ஐரோப்பியத் தலைமைத் தளபதியாக இருந்த காலத்தில் அவர் முன்னின்று வளர்த்த யோசனைதான் 1994 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட அமைதிக்கான கூட்டாண்மை. பழைய எதிரி நாடுகளுக்கு உடனடி உறுப்புரிமை இல்லை. ஆனால் கூட்டுப் பயிற்சி, கூட்டுத் திட்டமிடல் உண்டு. தகுதி காட்டினால் படிப்படியாக உள்ளே வரலாம். தான் ஏறிவந்த முறையையே நாடுகளுக்கும் அவர் முன்வைத்ததுபோல இருக்கிறது. போலந்துத் தலைவர்கள் இதில் கடும் ஏமாற்றமடைந்தார்கள். அவர்கள் கேட்டது உடனடி உறுப்புரிமை. அவர்களைச் சமாதானப்படுத்த கிளிண்டன் அனுப்பிய இருவரில் ஒருவர் பிராகாவில் பிறந்த, ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் மேடலின் ஆல்பிரைட், மற்றவர் வார்சாவில் பிறந்த ஷாலிகாஷ்விலி. பிறந்த மண்ணின் ஆசைக்காக வாதாடுவார் என்று சந்தேகிக்கப்படக்கூடியவர், பிறந்த ஊருக்கே போய் பொறுத்திருக்கச் சொன்னார். 1999இல் போலந்து நேட்டோவில் சேர்ந்தது. அந்த விரிவாக்கம் சரியா என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. அது வேறு வழக்கு. இரட்டை விசுவாசம் என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் அந்தப் பயணமே போதுமான பதில்.

ஆனால் இதை நீட்டி, அகதியாக இருந்தவர் எப்போதும் அகதிகளின் பக்கம் நிற்பார் என்று ஒரு விதி செய்துவிடக் கூடாது. அவர் தலைமைப் பதவியில் இருந்த 1994இல்தான் ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்தது. அமெரிக்கா தடுக்கப் படை அனுப்பவில்லை. கொலைகள் ஓய்ந்து மக்கள் அண்டை நாட்டு முகாம்களில் குவிந்த பிறகே நிவாரணத்துக்குப் போனது. அந்த முடிவின் முதல் பொறுப்பு அதிபருடையது. ஆனாலும் அதிபரின் தலைமை ராணுவ ஆலோசகர் அந்தக் கணக்கிலிருந்து முழுதாக விலகிவிட முடியாது. வார்சாவின் இடிபாடுகளைப் பார்த்த கண்கள் இருந்தும் கொள்கை மாறவில்லை. குடியேறியவர்களை அவர்களின் துயர அனுபவத்துக்காகப் பதவியில் வைக்கச் சொல்லும் வாதம் இந்த இடத்தில் இடறி விழும். அனுபவம் சில கதவுகளின் சாவி. எல்லாக் கதவுக்கும் அது பொருந்தாது. அவரைப் பதவிக்குத் தகுதியாக்கியது பட்டாலியனும் டிவிஷனும் நடத்திய விதம். அதை வைத்துத்தான் குறைநிறையும் பேச வேண்டும்.

படிகள் இன்றும் இருக்கின்றனவா?

படைக்கு ஆள் தேவைப்படும்போது மட்டும் அமெரிக்கா குடியேறிகளை நினைத்துக்கொள்கிறது என்ற விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. பனிப்போர் சூடேறிய 1950இல் கிழக்கு ஐரோப்பிய அகதிகளைப் படையில் சேர்க்கத் தனிச் சட்டமே வந்தது. ஐந்தாண்டு பணிக்கு ஈடாகக் குடியுரிமைக்கு வழி. 2002இல் பணியில் இருக்கும் அந்நியர்களுக்கு விரைவான குடியுரிமை. சிறப்பு மொழித்திறன் உள்ளவர்களைச் சேர்க்கத் தொடங்கிய திட்டம் 2016இல் நின்றுபோனது. ஷாலிகாஷ்விலி நுழைந்த கட்டாயச் சேர்க்கை 1973இலேயே முடிந்துவிட்டது. நிரந்தர வசிப்புரிமை உள்ளவர் இன்றும் சிப்பாயாகச் சேரலாம். அதிகாரியாகக் குடியுரிமை வேண்டும். ஆக, குடியுரிமை எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறது என்பதுதான் ஏணியின் முதல் படி எவ்வளவு உயரம் என்பதைத் தீர்மானிக்கிறது. 1958இல் அது இன்னும் இரண்டு மூன்று ஆண்டு தள்ளிப்போயிருந்தால், 1959இல் பீரங்கிப் படைக்கு ஓர் அதிகாரி கிடைத்திருக்க மாட்டார். நஷ்டம் அவருக்கு மட்டுமல்ல. தேவைக்காகத் திறந்த கதவு என்றாலும், உள்ளே வந்தபின் ஒரே அளவுகோல் இருந்தால் அது நீதியாக மாறக்கூடும். தேவை தீர்ந்ததும் மூடும் கதவு ஆளைப் பயன்படுத்திக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஓய்வுக்குப் பின் அவர் செய்த ஒரு காரியம் இந்த வாதத்தை அவரே முடித்துவைத்ததுபோல இருக்கிறது. தலைமைப் பதவியில் இருந்தபோது, தன்பாலின ஈர்ப்பாளர்கள் வெளிப்படையாகப் படையில் பணியாற்றக் கூடாது என்ற விதியை அவர் ஆதரித்தார். 2007 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையில், படைவீரர்களோடு பேசியபின் மனம் மாறியதாகச் சொல்லி, அந்தத் தடையை எடுத்துவிடலாம் என்றார். அதற்கு முன்பே, 2004இல், பக்கவாதம் அவரைத் தாக்கியிருந்தது. எந்தப் பதவியும் அவர் எதிர்பார்க்கவில்லை. படையில் யார் சேரலாம் என்பதை ஆள் யார் என்பதை வைத்தா, வேலையை வைத்தா முடிவு செய்வது என்ற அதே பழைய கேள்விதான் அது. தடையை நீக்கும் இறுதிச் சான்றில் அதிபர் ஒபாமா 2011 ஜூலை 22 அன்று கையெழுத்திட்டார். மறுநாள் ஷாலிகாஷ்விலி காலமானார். அந்த ஆண்டு செப்டம்பர் 20 அன்று புதிய விதி நடைமுறைக்கு வந்தது. அன்று அதே ஏணியில் இன்னும் சிலர் தலையை மறைக்காமல் ஏறத் தொடங்கினார்கள்.